நோகார்டியா தொற்று: மாதக்கணக்கில் நீளும் ஆன்டிபயாடிக் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆன்டிபயாடிக் என்றால் நம்மில் பலருக்கும் ஐந்து நாள் அல்லது ஏழு நாள் மாத்திரைதான். நோகார்டியா தொற்று வந்தவரிடம் மருத்துவர் ஆறு மாதம் என்பார், பன்னிரண்டு மாதம் என்பார். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தை விடவே முடியாதவர் என்றால், சில நேரம் அதையும் தாண்டி நீளும்.

இந்தச் சிகிச்சையில் உண்மையாகவே கடினமான காலம் மருத்துவமனையில் படுத்திருக்கும் வாரங்கள் அல்ல. உடம்பு தேறி, காய்ச்சல் போய், பசி திரும்பி, "நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்று தோன்றும் மாதங்கள்தான் கடினம். நோய் திரும்பி வருவதற்கு அந்த மாதங்களில் ஏற்படும் தளர்ச்சி முக்கியமான காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் நடு மாதங்களுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

இது மருத்துவரின் இடத்தில் நின்று சொல்வது அல்ல. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்காகவே இது.

இது என்ன கிருமி

1888-இல் எட்மண்ட் நோகார்ட் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், மாடுகளுக்கு வந்த ஒரு நோயிலிருந்து இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மண், தூசி, மட்கிய இலைதழை, தேங்கிய நீர் எனப் பல இடங்களில் இது இயல்பாகவே வாழ்கிறது. அந்தத் தூசியைச் சுவாசிக்கும்போது நுரையீரலுக்குள் போகிறது. காயத்தில் மண் படும்போது தோலுக்குள் போகிறது. நம் எல்லோருடைய மூச்சிலும் என்றாவது ஒருநாள் போயிருக்கும், ஆனால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. உடம்பின் வெள்ளை அணுக்கள், குறிப்பாக டி செல்கள், அதை அடக்கிவிடுகின்றன.

அந்தக் காவல் தளர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து. நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் போன்ற உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், ஸ்டெம் செல் மாற்றம் செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், சிடி4 என்ற டி செல்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்த எச்ஐவி நோயாளிகள், முடக்குவாதம் போன்றவற்றுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் எல்லாம் இதில் வருவார்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கும் வரலாம். எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு. எனவே "எனக்கு எப்படி வந்தது, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று மனதை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இது சாதாரணமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. தனித் தட்டு, தனி அறை எதுவும் தேவையில்லை. நோயாளியைத் தள்ளி வைப்பது அவருக்கு வீண் வேதனை.

படி 1: கிருமியின் பெயரை உறுதி செய்வது

நோகார்டியா பல வேஷம் போடும். நுரையீரலில் வந்தால் காய்ச்சல், இருமல், எடை குறைவு, இரவு வியர்வை என்று காசநோய் போலவே இருக்கும். ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்து புற்றுநோய் என்ற பயத்தையும் கொடுக்கும். பூஞ்சைத் தொற்று என்று நினைத்துச் சிகிச்சை தொடங்குவதும் உண்டு. காசநோய்க் கிருமியைத் தேடும் சாயப் பரிசோதனையில் நோகார்டியாவும் சில நேரம் லேசாகச் சிவப்பாகத் தெரிவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. காசநோய் மருந்து சாப்பிட்டும் குணமாகவில்லை, கல்ச்சரிலும் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) காசநோய்க் கிருமி வரவில்லை என்றால், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் நோகார்டியாவைப் பற்றிக் கேட்பதில் தவறே இல்லை.

உறுதி செய்ய சளி, நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், சீழ், அல்லது பயாப்சித் திசு வேண்டும். மைக்ராஸ்கோப்பில் கிளை கிளையாகப் பிரியும் மெல்லிய இழைகளாக இது தெரியும். ஆனால் கல்ச்சரில் வளரச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். சாதாரண பாக்டீரியாவுக்கான கல்ச்சர் தட்டுகளை ஆய்வகங்கள் இரண்டு மூன்று நாளில் பார்த்து முடித்து எறிந்துவிடும். ஆகவே பரிசோதனைச் சீட்டிலேயே "நோகார்டியா சந்தேகம், தட்டுகளைக் கூடுதல் நாள் வைத்திருக்கவும்" என்று எழுதும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு வரிதான். அது இல்லாமல் போனதால் கிருமி கைநழுவிப் போவதுண்டு.

வளர்ந்த பிறகும் வேலை முடியவில்லை. நோகார்டியாவில் பல வகைகள் உள்ளன. ஃபார்சினிகா என்ற வகை, செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்காது. பிரசிலியென்சிஸ் என்ற வகை பல நேரம் இமிபெனெமுக்கு மடங்காது. அதனால் எந்த வகை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்ற இரண்டு விவரமும் வர வேண்டும். உள்ளூர் ஆய்வகத்தில் வசதி இல்லையென்றால் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வர வாரங்கள் ஆகலாம். அதற்காகச் சிகிச்சை காத்திருக்காது. பொதுவாகக் கேட்கும் மருந்துகளில் தொடங்கி, முடிவு வந்ததும் மாற்றிக்கொள்வார்கள். முடிவு வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருக்கும் பொறுப்பை வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்வது நல்லது.

படி 2: எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்ப்பது

இந்தக் கிருமிக்கு மூளை மீது ஒரு தனி ஈர்ப்பு உண்டு. நுரையீரலில் தொடங்கி, ரத்தம் வழியாக மூளைக்குப் போய் சீழ்க்கட்டியாக உட்காரும். தலைவலியோ வலிப்போ இல்லாமலேயே அது அங்கே இருக்கலாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு நுரையீரல் நோகார்டியா என்று தெரிந்தால், தலையில் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மூளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே நிபுணர்களின் வழக்கம். "தலைவலியே இல்லையே, எதற்கு ஸ்கேன்?" என்று அதைத் தவிர்த்துவிடாதீர்கள். மருந்தின் அளவு, மருந்தின் வகை, சிகிச்சையின் நீளம் மூன்றும் அந்த ஒரு ஸ்கேனைப் பொறுத்து மாறும்.

தோலில் புதிதாக வந்த கட்டி, ஆறாத புண், கண்ணில் வலி அல்லது பார்வை மங்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். தோல் கட்டியிலிருந்து சீழ் எடுப்பது சுலபம். நுரையீரல் பயாப்சியே தேவைப்படாமல்கூடப் போகலாம்.

படி 3: முதல் மருந்துக்கு முன் ஒரு பட்டியல்

தற்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெயர், அளவு, நேரம், எந்த மருத்துவர் எழுதியது என எல்லாம் அதில் இருக்கட்டும். சத்து மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, அசிடிட்டி மருந்து, மூலிகை மருந்து எதையும் விடாதீர்கள். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கீழே புரியும்.

அதே தாளில் ஒவ்வாமை பற்றியும் எழுதுங்கள். நோகார்டியாவுக்குப் பெரும்பாலும் கொடுக்கும் கோ-டிரைமாக்சசோல் ஒரு சல்ஃபா மருந்து. எனவே சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் என்ன ஆனது என்று விவரமாக எழுத வேண்டும். லேசான அரிப்பா, வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்ததா, மூச்சு அடைத்ததா? லேசானது என்றால், மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி உடம்பைப் பழக்கும் முறை இருக்கிறது. அதன் மூலம் மிக நல்ல மருந்தை இழக்காமல் இருக்கலாம். தோல் உரிந்த கடுமையான ஒவ்வாமை என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. வெறும் "சல்ஃபா அலர்ஜி" என்று எழுதினால் இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

தொடங்கும் முன் சிறுநீரகம், கல்லீரல், பொட்டாசியம், ரத்த அணுக்கள் ஆகியவற்றின் அடிப்படை அளவுகள் கையில் இருக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கர்ப்பம் இருந்தாலோ, இருக்கலாம் என்றாலோ உடனே சொல்லிவிட வேண்டும். மருந்துத் தேர்வே மாறும்.

படி 4: முதல் வாரங்கள், ஊசி மருந்து

தோலில் மட்டும், அதுவும் நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு என்றால் மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். நுரையீரலில் கடுமையாக இருந்தாலோ, பல இடம் பரவியிருந்தாலோ, மூளையில் இருந்தாலோ இரண்டு அல்லது மூன்று மருந்துகளைச் சேர்த்தே தொடங்குவார்கள். கோ-டிரைமாக்சசோல், இமிபெனெம், அமிக்காசின், செஃப்ட்ரியாக்சோன், லினெசோலிட் போன்ற பெயர்கள் அப்போது காதில் விழும். இந்தக் கட்டம் பெரும்பாலும் சில வாரங்கள் நீடிக்கும்.

அமிக்காசின் சிறுநீரகத்தையும் காதின் உட்பகுதியையும் பாதிக்கக்கூடியது. போன கேட்கும் திறன் திரும்பி வராமல் போகலாம். காதில் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம் வந்தால் அடுத்த டோஸ் போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். ஊசி தொடரும் என்றால் கேட்கும் திறன் பரிசோதனை எப்போது என்று கேட்டு வையுங்கள். இமிபெனெம் வலிப்பைத் தூண்டலாம். வலிப்புக்கு வால்புரோவேட் சாப்பிடுபவருக்கு அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் சட்டென்று குறைத்தும் விடும். மூளையில் கட்டி உள்ளவருக்கு இது இரட்டை ஆபத்து.

மூளைக் கட்டி பெரியதாக இருந்தாலோ, மருந்துக்குச் சுருங்காவிட்டாலோ அறுவை செய்து சீழை எடுக்க வேண்டி வரும். மருந்து தோற்றுவிட்டது என்று பொருள் அல்ல. கெட்டிச் சுவருக்குள் இருக்கும் சீழுக்குள் மருந்து சரியாகப் புகாது, அவ்வளவுதான்.

நாள் கணக்கில் ஊசி என்றால் மேல்கையில் பிக் லைன் வைப்பார்கள். ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் மெல்லிய குழாய் அது. அதோடு வீட்டுக்கு அனுப்பினால்:

- தொடும் முன் கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். குழாய் முனையைத் துடைக்காமல் எதையும் இணைக்க வேண்டாம்.
- கட்டு நனையக் கூடாது. நனைந்தாலோ பிரிந்தாலோ அன்றே மாற்ற வேண்டும்.
- அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள்.
- கை வீக்கம், குழாய் நுழையும் இடத்தில் சிவப்பு அல்லது சீழ், மருந்து ஏறியதும் குளிர் நடுக்கம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 5: மாத்திரைக்கு மாறுவது

பெரும்பாலோருக்கு நீண்ட ஓட்டத்துக்கான மருந்து கோ-டிரைமாக்சசோல்தான். டிரைமெத்தோப்ரிம், சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற இரண்டு மருந்துகளின் கூட்டு. பழைய மருந்து, எளிதில் கிடைப்பது, மூளைக்குள்ளும் நன்றாகப் போகக்கூடியது.

இங்கே பலருக்கு ஓர் அதிர்ச்சி. சிறுநீர்த் தொற்றுக்கு இதே மருந்தை ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரைதான் கொடுப்பார்கள். நோகார்டியாவுக்கு அளவு உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. டிரைமெத்தோப்ரிம் கணக்கில், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 10 மி.கி. வரை என்பது பொதுவான அளவு. கடுமையான நோய்க்கும் மூளைத் தொற்றுக்கும் 15 மி.கி. வரை போவார்கள். 160 மி.கி. டிரைமெத்தோப்ரிம் உள்ள டபுள் ஸ்ட்ரெங்த் மாத்திரையில் கணக்குப் போட்டால், 60 கிலோ எடை உள்ளவருக்கு 10 மி.கி. அளவில் நாளைக்கு நான்கு மாத்திரைக்குச் சற்றுக் குறைவாக வரும். மருந்துக் கடையில் "இவ்வளவா? டாக்டர் தவறாக எழுதிவிட்டாரோ?" என்று கேட்டால் பயந்து தாங்களாகவே குறைத்துவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் எழுதிய மருத்துவரையே கேளுங்கள். அதே நேரம் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும். எனவே அடுத்தவர் சாப்பிடும் அளவைப் பார்த்து உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

இப்போது படி 3-இல் எழுதிய பட்டியலை எடுங்கள். அதில் கீழ்க்கண்டவை இருந்தால் மருத்துவருக்கு நினைவூட்டுவது உங்கள் உரிமை.

மெத்தோட்ரெக்சேட் இருக்கிறதா? இதுதான் மிகவும் ஆபத்தான கூட்டு. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியே படுத்துவிடலாம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் "தினமும் சாப்பிடும் மருந்து" என்ற பட்டியலில் அதை எழுத மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவையோ ஸ்பைரோனோலாக்டோனோ இருந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். உறுப்பு மாற்றத்துக்குப் பின் சாப்பிடும் டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றும், எனவே சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். வார்ஃபரின் சாப்பிட்டால் ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துப்போகும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயினின் அளவு ரத்தத்தில் கூடலாம்.

வயிறு புரட்டினால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். நீர் கட்டுப்பாடு சொல்லப்படாதவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த மருந்து சிறுநீரில் படிகமாகப் படியக்கூடியது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், முழுக்கைச் சட்டை நல்லது.

முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் படம் எடுத்து அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம் சேர்ந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அரிதாக வந்தாலும் உயிருக்கே ஆபத்தான எதிர்விளைவு அது.

சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவருக்கும், கிருமி அதற்கு மடங்காதவருக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. லினெசோலிட் ஏறக்குறைய எல்லா நோகார்டியா வகைக்கும் கேட்கும், மூளைக்குள்ளும் போகும். ஆனால் நீண்ட காலம் கொடுப்பது சிரமம். இரண்டு வாரம் தாண்டினால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையலாம். மாதம் தாண்டினால் கால் விரல்களில் மரத்துப்போதல், கண் பார்வை மங்கல் வரலாம். கால் மரத்துப்போவது மருந்தை நிறுத்திய பிறகும் நீங்காமல் போகக்கூடும். நிறங்கள் வெளிறித் தெரிகின்றன, எழுத்து மங்குகிறது என்றால் கண்ணாடியை மாற்றப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலவற்றோடு லினெசோலிட் ஒத்துப்போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். மினோசைக்ளின், மாக்சிஃபுளாக்சசின் போன்ற மருந்துகளை இரும்பு மாத்திரை, அசிடிட்டி மருந்து போன்றவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். எத்தனை மணி நேர இடைவெளி விட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: ரத்தப் பரிசோதனையும் மருந்தின் ஒரு பகுதி

"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், ரத்தம் எடுக்கத்தான் போகவில்லை" என்பது பாதிச் சிகிச்சை. இவ்வளவு நீண்ட சிகிச்சையில் மருந்தே உடம்பைக் கெடுக்கும் நேரம் வரலாம். அது வெளியே தெரிவதற்குள் ரத்தத்தில் தெரிந்துவிடும்.

அதிக அளவு கோ-டிரைமாக்சசோல் தொடங்கிய முதல் வாரத்திலேயே பொட்டாசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான். தொடக்கத்தில் வாரா வாரம், நிலைமை சீரானதும் இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று இடைவெளியை நீட்டுவார்கள். ரத்த அணுக்கள், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல் இவை அடிப்படை. லினெசோலிட் என்றால் ரத்த அணுக்களை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கிரியாட்டினின் பற்றிக் கொஞ்சம் விளக்கம் தேவை, பலர் இதைப் பார்த்துத்தான் பயந்து மருந்தை விடுகிறார்கள். சிறுநீரகம் கிரியாட்டினினை வெளியேற்றும் ஒரு வழியை டிரைமெத்தோப்ரிம் அடைத்துவிடுகிறது. அதனால் சிறுநீரகம் கெடாமலேயே ரிப்போர்ட்டில் அளவு சற்றுக் கூடித் தெரியும். சில நாளில் ஏறி, அப்படியே நின்றுவிடும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால், சிறுநீர் குறைந்தால், பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் அது வேறு கதை. எது எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. நீங்களாக மருந்தை நிறுத்தாமல் ரிப்போர்ட்டோடு அவரிடம் போவது உங்கள் வேலை.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு தேதி, கிரியாட்டினின், பொட்டாசியம், பிளேட்லெட் என எழுதினால் எந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். மருத்துவர் மாறினாலும், நள்ளிரவில் அவசரமாகப் போக நேர்ந்தாலும் அந்த ஒரு பக்கம் பேசும்.

படி 7: எதிர்ப்பு சக்தியை என்ன செய்வது

ஆன்டிபயாடிக் கிருமியைக் குறைக்கும். மீதியை முடிக்க உடம்பின் படையும் வேண்டும். அதனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைக் குறைக்க முடியுமா என்ற பேச்சு கட்டாயம் வரும். உறுப்பு மாற்றம் செய்தவருக்கு அதிகம் குறைத்தால் உறுப்பையே உடம்பு நிராகரிக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய் உள்ளவருக்கு அந்த நோயே பொங்கி எழும். இது கத்தி மேல் நடப்பது போன்ற முடிவு. தொற்றுநோய் நிபுணரும், உங்கள் அடிப்படை நோயைப் பார்க்கும் மருத்துவரும் பேசி ஒரே முடிவுக்கு வர வேண்டும். இருவரும் வெவ்வேறு மருத்துவமனையில் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தாரா என்பதை நீங்கள்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். என் பார்வையில் நோயாளியின் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "ஸ்டீராய்டால்தானே இந்தத் தொற்று வந்தது" என்று கோபத்தில் ஸ்டீராய்டைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போதும், எச்ஐவி மருந்து தொடங்கும்போதும் எதிர்ப்பு சக்தி திரும்பி வந்து, தொற்று உள்ள இடத்தில் வீக்கம் அதிகமாகி, நோய் கூடியது போலக் காட்டலாம். அது மருந்து தோற்றதா, படை விழித்ததா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

நிமோனியா வராமல் தடுக்க வாரம் மூன்று நாள் கோ-டிரைமாக்சசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் "அது சாப்பிட்டும் எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். அந்தச் சிறிய அளவு நோகார்டியாவை நிச்சயமாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கிருமி இந்த மருந்துக்கு மடங்காது என்றும் அர்த்தம் இல்லை. பெரும்பாலும் முழு அளவில் கொடுத்தால் கேட்கும்.

தடுப்பூசி விஷயத்தில், ஃபுளூ, நிமோகாக்கல் போன்ற உயிரற்ற தடுப்பூசிகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை. உயிருள்ள தடுப்பூசிகளை எதிர்ப்பு சக்தி குறைந்தவர் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. தோட்ட வேலை, உரம் கிளறுவது, இடிபாட்டுத் தூசி இவற்றைத் தவிர்க்கலாம். முடியாதென்றால் கையுறை, மூடிய காலணி, நல்ல முகக்கவசம்.

படி 8: நடு மாதங்களைக் கடப்பது

மருந்து சரியாக வேலை செய்தால் சில நாள் முதல் சில வாரத்துக்குள் உடம்பு தேறுவது தெரியும். தோல் சீக்கிரம் ஆறும், நுரையீரல் மெதுவாக, மூளை இன்னும் மெதுவாக. ஸ்கேன் எப்போதும் உடம்பைவிடப் பின்தங்கியே இருக்கும். முதல் ஸ்கேனில் பெரிய மாற்றம் இல்லை என்று மனம் உடைந்துவிட வேண்டாம்.

தேறிய பிறகு என்ன நடக்கிறது? காலை வேளையை மறப்பதில்லை, மதிய வேளையைத்தான் மறக்கிறார்கள். பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோகிறது. குமட்டல் தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் அளவைப் பாதியாக்கிக்கொள்கிறார்கள். இவை எதுவும் குணக்கேடு அல்ல, மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் எவருக்கும் வருவதுதான். மறைப்பதுதான் ஆபத்து. "போன வாரம் நாலு வேளை விட்டுவிட்டேன்" என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் நேரத்தை மாற்றித் தருவார், குமட்டலுக்கு மருந்து தருவார், தேவைப்பட்டால் மருந்தையே மாற்றுவார். சொல்லாவிட்டால், ஸ்கேன் முன்னேறாததைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் கடுமையான மருந்துக்குப் போய்விடுவார்.

வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வையுங்கள். அலாரம் வையுங்கள். கையில் எப்போதும் பத்து நாள் மருந்து கூடுதலாக இருக்கட்டும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.

வயிற்றுப்போக்கு பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளையும் அழிப்பதால் சி. டிஃபிசில் என்ற கிருமி தலைதூக்கலாம். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், வயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் பேதி நிறுத்தும் மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடாமல் மலப் பரிசோதனைக்குப் போங்கள்.

மனமும் சோரும். மாதங்கள் நகராதது போல இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் "மாத்திரை போட்டாச்சா?" என்று அதட்டிக் கேட்பதைவிட, ரத்தப் பரிசோதனைக்குக் கூடப் போவது, நோட்டில் எண்களை எழுதிக்கொடுப்பது பெரிய ஆறுதல்.

உடனே போக வேண்டிய நேரங்கள்

இவற்றில் எதுவாக இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், புதிய தலைவலி அல்லது வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், பார்வை மாற்றம், மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், கொப்புளத்தோடு தோல் தடிப்பு, காரணமில்லாமல் ரத்தக் கசிவு அல்லது நீலத் தழும்பு, படபடப்போடு தசை பலவீனம், சிறுநீர் மிகவும் குறைவது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் அதிகம் வராமல் இருக்கலாம். எனவே தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 9: எப்போது நிறுத்துவது, அதற்குப் பிறகு

எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவருக்குத் தோலில் மட்டும் என்றால் மூன்று முதல் ஆறு மாதம். நுரையீரல் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். மூளையில் இருந்தாலோ, பல இடம் பரவியிருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தாலோ பெரும்பாலும் குறைந்தது பன்னிரண்டு மாதம். காலண்டரை மட்டும் பார்த்து நிறுத்துவதில்லை. அறிகுறிகள் போயிருக்க வேண்டும், ஸ்கேனில் கட்டிகள் மறைந்திருக்க வேண்டும் அல்லது நீண்ட நாளாக மாறாத வடுவாக நின்றிருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொடரப்போகிறது என்றால், முழு அளவு முடிந்ததும் குறைந்த அளவில் தடுப்பாகத் தொடரச் சொல்லலாம்.

நிறுத்தும் நாளில் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: அடுத்த ஸ்கேன் எப்போது, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், தடுப்பு மருந்து தொடர வேண்டுமா. நிறுத்திய பிறகும் ஓர் ஆண்டாவது கண்காணிப்பில் இருப்பது நல்லது. பிற்பாடு எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும், குறிப்பாக யாராவது புதிதாக ஸ்டீராய்டு எழுதினால், "எனக்கு நோகார்டியா வந்திருந்தது, இந்த வகை, இந்த மருந்துக்குக் கேட்டது" என்று சொல்லுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டின் ஒரு நகலைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.